முதலில் ரத்தம், அப்புறம் ஊசி

அலாஸ்காவின் சீவர்ட் தீபகற்பத்தில் பனிமான் மந்தைகளைப் பரிசோதித்து ஊசி போடும் குழுவில் வேலை பார்த்தேன். புருசெல்லோசிஸ்தான் அங்கே பெரிய கவலை. மாடுகளுக்கு வந்தால் கன்று வீச்சு நோய் என்போமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சினை மான் குறைமாதத்தில் குட்டியை வீசிவிடும். ஆண் மானுக்கு விரை வீங்கும். சிலவற்றுக்கு முன்னங்கால் முட்டியில் நீர் கோத்துக்கொள்ளும்.

முட்டி வீங்கியதை அந்த மண்ணின் பழங்குடிகளான இனுபியாக் மேய்ப்பர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். 1892 முதல் சைபீரியாவிலிருந்து வந்த மான்களின் வழிவந்த மந்தைகள் அவை, தலைமுறைகளாக வளர்க்கிறார்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமியைச் சுமக்கிற மானைத்தான் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும்.

பட்டிக்குள் அடைத்ததும் மந்தை வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் காலில் தசைநாண் எலும்பின்மேல் நழுவி டிக் டிக் என்று சத்தம் வரும். குறுகிய வழியில் ஒவ்வொன்றாக விடுவோம். ஒருவர் கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்ப, நான் கழுத்து மயிரை விலக்குவேன். மயிர் அவ்வளவு அடர்த்தி. கட்டைவிரலால் அழுத்தி, ரத்தநாளம் புடைப்பதைத் தொட்டுத்தான் கண்டுகொள்ள முடியும். கடுங்குளிரில் ரத்தம் உறைந்து பனிக்கட்டியானால் அணுக்கள் உடைந்து மாதிரி கெட்டுவிடும். அதனால் நிரம்பிய டியூப்கள் நேராகக் கோட்டின் உள்பைக்குப் போகும். காது வில்லை எண்ணை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் டியூபில் எழுதுவார். அந்த எண் பிசகினால் நோயுள்ள மான் மந்தையில் தங்கிவிடும், நல்ல மான் வெட்டுக்குப் போய்விடும்.

ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி. கொன்ற கிருமியில் செய்த தடுப்பூசியும் உடலில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். சோதனை தேடுவதும் அதையேதான். வரிசையை மாற்றினால் வந்தது நோயாலா, ஊசியாலா என்று பிரிக்க முடியாது. ரோஸ் பெங்கால் சோதனையில் ரத்தத்திலிருந்து பிரித்த ஒரு சொட்டு ஊநீரும் (சீரம்) இளஞ்சிவப்புக் கிருமிக் கலவையும் சேர்ந்து சில நிமிடத்தில் திரிதிரியாகத் திரண்டால் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த முடிவை மேய்ப்பரிடம் சொல்வதுதான் எனக்கு மிகக் கடினமான வேலை. “நல்லாத்தானே நடக்குது?” என்று கேட்பார். உண்மைதான், நன்றாகத்தான் நடக்கும். ஆனால் பச்சையாகச் சாப்பிடும் எலும்பு மஜ்ஜை வழியாக இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டுக் காய்ச்சலைக் கொடுக்கும். வீட்டுக் குழந்தைகளைச் சொன்னால், அந்த மானைப் பிடிக்க அவரே கயிற்றை எடுப்பார்.

நோயுள்ளவற்றை ஒதுக்கிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. பனிமானின் காட்டு இனமான கரிபூக்களிடமும் இதே நோய் உண்டு. 1990களில் மேற்கு ஆர்க்டிக் கரிபூ மந்தை குளிர்காலத்தில் இந்தத் தீபகற்பத்துக்குள் வரத் தொடங்கியதும், வளர்ப்பு மான்கள் பல அதோடு சேர்ந்தே போய்விட்டன. வேலி போட்டுத் தடுக்கிற நிலமில்லை அது. அதனால்தான் பரிசோதனையோடு நிற்காமல், சினைக்கு வரப்போகும் இளம் பெண் மான்களுக்கு ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.