நாளுக்கு ஒரு அங்குலம்

பேருந்து நிழற்குடையின் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்களை உரித்தெடுக்கவே இரண்டு நாள் ஆனது. மேலே கண்ணீர் அஞ்சலி. அதற்கு அடியில் காதணி விழா. அதற்கும் அடியில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பசையும் தாளும் சேர்ந்து அட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது, தண்ணீர் தெளித்து ஊறவைத்தால்தான் பெயர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருந்தது 1931இல்தான் தெரியவந்தது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் நிழற்குடையில் கடைசி அடுக்கில் எனக்குக் கிடைத்தது ஒரு உரக்கம்பெனி விளம்பரம்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் வெட்டாற்றங்கரையில் இருக்கிறது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னையில் டிசைன் வேலை பார்க்கிறேன். 2020க்குப் பிறகு கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த ஓவியங்களைப் பல தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். மாடி மாடியாக எழும்பி நிற்கும் மனித முகங்கள். கூடத்துக்குள் மாட்டிவைக்காமல், துணி காயப்போடும் இடத்துக்கே ஓவியம் வந்திருப்பது பிடித்திருந்தது. நம் ஊரிலும் ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. ஆனால் முகம் வேண்டாம். ஊரில் ஒரு முகம் வரைந்தால், அது யார் முகம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே என் ஆயுள் முடிந்துவிடும்.

யோசித்து வைத்திருந்தது இதுதான். மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். வழக்கம்தான், எல்லா வருடமும் நடப்பதில்லை. 2011இல் ஆறு நாள் முன்னதாகவே, ஜூன் 6 அன்று திறந்தார்கள். அதற்கடுத்த எட்டு வருடமும் தாமதம். 2012இல் செப்டம்பர் 17, 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. 2020இல்தான் மறுபடியும் ஜூன் 12. 2022இல் மே 24க்கே திறந்துவிட்டார்கள். 2024இல் திரும்பவும் ஜூலை 28. இதை அப்படியே சுவரில் ஏற்ற வேண்டும். வருடத்துக்கு ஒரு பட்டை, நாளுக்கு ஒரு அங்குலம். ஜூன் 12 என்பது சுவரில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டிலிருந்து வலப்பக்கம் எத்தனை நாள் காத்திருந்தோமோ அத்தனை அங்குலம். முன்னதாகத் திறந்திருந்தால் இடப்பக்கம். சுவர் 12 அடி அகலம். இடப்பக்கம் 2 அடி விட்டாலும் 2017இன் 112 நாள் வலப்பக்கத்தில் அடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது இந்தச் சுவரை இதற்காகவே கட்டினார்களோ என்று தோன்றியது.

சுவர் யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் மூன்று மாதம் ஆனது. நிழற்குடையில் தொகுதி மேம்பாட்டு நிதி என்று கல்வெட்டு இருக்கிறது. நிதி கொடுத்தவர் பதவியில் இல்லை. ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம் என்றால் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் “ரோட்டு ஓரம், ஹைவேஸ்ல கேளுங்க” என்றார்கள். அங்கே போனால் “ரோடுதான் எங்களது, கட்டடம் எங்களது இல்ல” என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் என்னைத் திட்டவில்லை, காசும் கேட்கவில்லை. இந்த மாதிரி ஒரு விண்ணப்பம் அவர்கள் மேஜைக்கு வந்ததே இல்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு எழுத்தர் அண்ணன் வழி சொன்னார்: “மே ஒண்ணாந்தேதி கிராம சபை வருது தம்பி. தீர்மானம் போட்டுக் கொண்டாந்துடுங்க. அப்புறம் ஃபைல் தானா நகரும்.” இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அலுவலகத் தந்திரம் இதுதான். அலுவலகத்தில் ஆரம்பிக்காதீர்கள், கிராம சபையில் ஆரம்பியுங்கள்.

கிராம சபைக்கு முன்னால் இன்னொரு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சுவரின் ஓரத்தில் ஒரு கட்சியின் பெயரும் பக்கத்தில் 2026 என்றும் எழுதியிருந்தது. அடுத்த தேர்தலுக்கு இந்தச் சுவர் எங்களுக்கு என்று அர்த்தம். ஊரில் பத்திரம் பதிந்த நிலத்தைக்கூட ஒருத்தன் ஆக்கிரமிப்பான், கட்சி எழுதிவைத்த சுவரில் இன்னொருத்தன் சுண்ணாம்பு அடிக்க மாட்டான். பொறுப்பாளர் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்தெந்த வருஷம் யாரு ஆட்சின்னு எழுதுவியா?” என்றார். எழுத மாட்டேன் என்றேன். “எழுதலேன்னாலும் ஜனங்க கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கும்” என்று சிரித்தார். உள்சுவரை எனக்கு விட்டுக்கொடுத்தார். வெளிச்சுவரை வைத்துக்கொண்டார்.

நிறம் அடுத்த பிரச்சினை. தமிழ்நாட்டில் கட்சியோ சாதிச் சங்கமோ எடுத்துக்கொள்ளாத நிறம் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள், காவி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. மார்ச் மாதம் அறுப்பு முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல் மண்ணைக் கட்டியாக எடுத்துப்போய், பெயின்ட் கடையில் இந்த நிறம் கலந்து கொடுங்கள் என்றேன். கடைக்காரர் கட்டியை உடைத்து விரலில் தேய்த்துப் பார்த்து மூன்று தடவை கலந்தார். காத்திருந்த நாளுக்கு அந்த மண் நிறம். முன்னதாகத் தண்ணீர் விட்ட நாளுக்கு நாற்றங்கால் பச்சை, மஞ்சளோடு கலந்த இளம்பச்சை. மற்றபடி வெள்ளை.

மே 1 கிராம சபையில் படத்தைத் தாளில் காட்டினேன். யாருக்கும் பிடிக்கவில்லை. “படம் வரையறேன்னு சொல்லிட்டு கோடு கோடா போட்டு வச்சிருக்கியே” என்றார் ஒரு மாமா. ஏர் உழுகிற மாதிரி வரையலாம், கல்லணை வரையலாம், கரிகாலன் வரையலாம். எல்லாம் நல்ல யோசனைகள்தான், எல்லாம் ஏற்கெனவே எங்கேயாவது ஒரு சுவரில் இருக்கின்றன. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் வகுப்பு எடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பேசாமல் தாளைச் சுற்றுக்கு விட்டேன். தாள் தெற்குத்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனபோது ஒரு பெரியம்மா 2017 பட்டையில் விரலை வைத்து, “இதுலதானே நாங்க திருப்பூர் போயிருந்தது” என்றார். பக்கத்தில் இருந்தவர், அது அதற்கு முந்தின வருடம் என்றார். இருவரும் பேசப் பேச ஆண்கள் பக்கத்திலும் விவாதம் தொடங்கிவிட்டது. எந்த வருடம் போர் செட் வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள், எந்த வருடம் நேரடி விதைப்புக்குப் போனார்கள் என்றெல்லாம். தீர்மானம் எழுதும்போது கரிகாலனை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அந்தப் பெரியம்மா கடைசியில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “மேட்டூர்ல தொறந்த தேதி சரி தம்பி. நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்த தேதி எங்க?”

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகிவிடும். அங்கிருந்து வெண்ணாறு, வெட்டாறு, கிளை வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்கு வருவது ஆற்றின் நிலையையும் ஷட்டர் திறப்பதையும் தூர் வாரியதையும் பொறுத்தது. செய்தித்தாளில் இருந்தது மேட்டூர்த் தேதி மட்டும். எங்கள் தேதி ஊர்க்காரர்களின் நினைவில்தான் இருந்தது. சரி, அதை அவர்களே வைக்கட்டும், ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில், அவரவர் வயலுக்குத் தண்ணீர் வந்த நாளில் பெருவிரலைப் பெயின்டில் தொட்டு ஒரு புள்ளி வைக்கட்டும் என்று முடிவு செய்தேன். அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை. அது எவ்வளவு மோசமான யோசனை என்று பிறகு தெரிந்தது.

மே பாதியில் வேலையைத் தொடங்கினோம். தடையில்லாக் கடிதத்தில், கட்சி, சாதி, மதக் குறி எதுவும் கூடாது, கல்வெட்டை மறைக்கக் கூடாது, பஸ் நேரப் பலகையைக் கழற்றக் கூடாது, செலவு எங்களுடையது என்று இருந்தது. உரித்த சுவரில் ஓரடி உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஒரே மழையில் செதிள் செதிளாக வந்துவிடும் என்றார் கொத்தனார் அண்ணன். அதனால் திண்டுக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு, அது சுவரை மூச்சுவிட விடும். திண்டுக்கு மேலே ஏழு அடிக்கு விரிசல்களை அடைத்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை வெளிப்புற எமல்ஷன். மேற்குப் பார்த்த சுவர் என்பதால் மதியத்துக்கு மேல் சுவரே அடுப்பாகிவிடும், பெயின்ட் இழுப்பதற்குள் காயும். விடிகாலை ஐந்தரை முதல் ஒன்பது வரைதான் வேலை. நடுவில் எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் மேஸ்திரிகள். தூக்குக்குண்டு விட்டு ஜூன் 12 கோட்டை இறக்கி, காவிப்பொடி தொட்ட நூலால் பதினைந்து வரிசைக்குக் கோடு அடித்தோம். 2011 மேலே, 2025 கீழே. மொத்தச் செலவு 11,350 ரூபாய். பாதி என் காசு, மீதி டீக்கடை உண்டியல்.

பட்டைகள் முடிந்த மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி டேப்போடு வந்து அளந்து பார்த்தாள். “அண்ணா, 2014 ஒரு அங்குலம் கம்மி.” இருக்காது என்றேன். விரல் முட்டியை மடக்கி எண்ணிக் காட்டினாள். ஜூலைக்கு 31 நாள், ஆகஸ்டுக்கும் 31. நான் எல்லா மாதத்துக்கும் 30 போட்டிருந்தேன். மண் நிறத்தில் நான்கு பட்டைகள் ஒரு அங்குலம் குட்டை, மூன்று பட்டைகள் இரண்டு அங்குலம் குட்டை. காத்திருந்தவர்களுக்கு நாளைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். மறுபடியும் நூல் அடித்தோம். அவளே எல்லாவற்றையும் கூட்டி 627 நாள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனாள். அழிக்கவில்லை.

அப்புறம் பெருவிரல் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தட்டில் பெயின்ட், துடைக்கத் துணி. அதே பெரியம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். தட்டைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“கைநாட்டா வைக்கச் சொல்ற?”

சும்மா ஒரு புள்ளிக்குத்தான் பெரியம்மா என்றேன்.

“ரேசன் கடையில கேக்குறான், நூறுநாள் வேலைக்கு வச்சேன். அறிவொளி இயக்கத்துல ராத்திரி ராத்திரி லாந்தர் வச்சுக் கத்துக்கிட்டவ நான். எம் பேர எழுதுவேன். இங்கயுமா கைநாட்டு?”

எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஆறு மாதமாக ஊர்க்காரர்களையும் சேர்த்துச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், அவர்களுக்கு வைத்திருந்த பங்கு ஒரு ரேகை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த மெல்லிய பிரஷ்ஷைக் கொடுத்தேன். அவர் திண்டில் ஏறி நின்று, 2020 வரிசையில் ஓரிடத்தைத் தேடிப்பிடித்து, தேதியை எண்ணால் எழுதினார். 3 மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் பிரஷ் கேட்டார்கள். தெற்குத்தெருப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தத் திண்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று அதில் ஏறி நின்று எழுதினார்கள். மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் உட்கார்கிறார்கள், மற்றவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

தேதிகள் ஒத்துப்போகவில்லை. ஒரே வருடத்துக்கு வடக்குத்தெரு ஒரு தேதி, தெற்குத்தெரு ஒரு தேதி, மடை பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் ஒரு தேதி. எதையும் நான் திருத்தவில்லை. 2018க்கு ஒருவர் ஆகஸ்டில் ஒரு தேதி எழுதினார். அந்த மாதம் கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடி, 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் ஷட்டர்களையே அடித்துக்கொண்டு போனது. அதே வரிசையில் இன்னொரு கையெழுத்து, “வரல” என்று இருக்கிறது. இரண்டும் ஓர் அடி இடைவெளியில் இருக்கின்றன. 2017க்கு எழுதியவர்களின் நாள்கள் 12 அடிச் சுவரைத் தாண்டி மூலை திரும்பிப் பக்கச் சுவருக்குப் போய்விட்டன.

மூலை திரும்பலாம் என்று தெரிந்ததும் தென்னந்தோப்பு மாமா வந்தார். “கஜா புயல் எங்க?” அது தண்ணீர்க் கணக்கு இல்லையே மாமா என்றேன். “2018னு ஒரு கோடு போட்டுட்டு அது இல்லாம எப்படி?” என்றார். நியாயம்தான். நவம்பர் 16, ஜூன் 12இலிருந்து 157ஆவது நாள். கோட்டுக்கு வலப்பக்கம் சுவர் 120 அங்குலம். மீதி 37 அங்குலத்தைப் பக்கச் சுவரில் டேப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் அவரே ஒரு சின்ன வட்டம் போட்டார். உள்ளே ஒன்றும் வரையவில்லை.

2025 வரிசையைக் காலியாக விட்டிருந்தோம். ஜூன் 12 அன்று டீக்கடையில் டிவியைப் போட்டுவிட்டு, மண் நிற டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அன்றைக்கே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். தீட்ட ஒன்றுமே இல்லை, டப்பாவை மூடிவிட்டேன்.

இப்போது சுவரில் தலை சாய்க்கிறவர்களின் எண்ணெய்க் கறை 2020 வரிசையில் வட்டவட்டமாகப் பதிய ஆரம்பித்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றும் வந்தது, ஒட்டியவரே மறுநாள் வெளிச்சுவருக்கு மாற்றினார். மிச்சப் பெயின்ட் டீக்கடைப் பரணில் இருக்கிறது. கடைசி வரிசைக்கும் திண்டுக்கும் நடுவில் நாலு அங்குலம்தான் மிச்சம், அது 2026க்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் என்ன செய்வது என்று கொத்தனார் அண்ணனைக் கேட்டேன். திண்டுக்குக் கீழே நாய் படுக்கும் இடத்தைக் காட்டினார், அங்கே எமல்ஷன் நிற்காது, சுண்ணாம்பில்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார்.