அடிவயிறு வலி என்றுதான் சொன்னான்

போன ஐப்பசியில், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு விரைமுறுக்கு (விதைப்பைக்குள் விரை முறுக்கிக்கொள்வது) வந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். பையன்களைப் பெற்ற அப்பாக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

விடியற்காலையில் அம்மாவை எழுப்பி, அடிவயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். கூடவே வாந்தி. அவள் ஓமத் தண்ணீர் வைக்கப் போனாள். எனக்கு அவன் நடந்து வந்த விதம்தான் உறுத்தியது. காலை அகட்டி, சுவரைப் பிடித்தபடி வந்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, கீழே வலிக்குதாடா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான். மீசை அரும்பிய நாளிலிருந்தே உடம்பைப் பற்றி அவனிடம் பேசி வந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் காட்டினான். இடது விரை வீங்கி, மற்றதைவிட மேலே ஏறியிருந்தது.

எதுவும் குடிக்கக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

டூட்டி டாக்டர் ஒரு பெண். இவன் கூசிப்போய் போர்வையை விடவே இல்லை. தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக, ஒவ்வொன்றையும் அவனிடம் சொல்லிவிட்டே பரிசோதித்தார். விரையைத் தாங்கும் கொடி முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்; 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம், தாமதம் ஆக ஆக வாய்ப்பு குறையும் என்றார். எந்த வயதிலும் வரலாமாம், ஆனால் 12 முதல் 18 வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம். அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, தூக்கத்திலேயே வரும். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் இல்லை என்று தெரிந்ததும் உடனே தியேட்டருக்கு ஏற்பாடு செய்தார்கள்.

ஒப்புதல் படிவத்தில், விரை பிழைக்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்று இருந்தது. அதை அவனிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்புறம் எனக்குக் குழந்தை பிறக்காதாப்பா?" என்று கேட்டான். பதினைந்து வயதுப் பிள்ளை மனதுக்குள் வைத்திருந்த பயம் அது. டாக்டரையே பதில் சொல்லச் சொன்னேன். ஒன்று நன்றாக இருந்தாலே பொதுவாகப் போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

விரை பிழைத்துவிட்டது. முறுக்கைப் பிரித்து, மறுபடி திரும்பாதபடி தைத்தார்கள். ஒரு பக்கம் இப்படித் தளர்வாக இருந்தால் மறுபக்கமும் இருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தே தைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுவது, குளிக்கவைப்பது எல்லாம் நான்தான். சில வாரங்களுக்கு சைக்கிள், விளையாட்டு கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் என்ன ஆபரேஷன் என்று சொல்வதை அவன் இஷ்டத்துக்கே விட்டேன்.

நண்பர்களிடம் அவனே உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அதில் ஒரு பையன், தனக்கும் அடிக்கடி அங்கே சுரீரென்று வலித்துத் தானாகவே போய்விடும் என்றானாம். அப்படி வந்து வந்து போவதும் முறுக்கின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே அவன் அப்பாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே மகனை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்.