யாருக்குப் போகிறது?

சேலத்தில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் சிறு தொழில்காரர்களுக்கு அரசு விதிகளைப் புரியவைத்து, காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. இதில் பாதி சுலபமானது. ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவருக்கான ஐ.இ.சி. எண் இப்போது பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும், விட்டால் முடங்கிவிடும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் ஆபீஸில் இருக்கிற பெண்ணே அழகாகப் பார்த்துக்கொள்வார். மீதிப் பாதிதான் என் நேரத்தையும் மனதையும் எடுத்துக்கொள்கிறது. அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விதிகள்.

"ஏங்க தம்பி, நாம என்ன வெடிகுண்டா செய்யறோம்?" இந்தக் கேள்வியைச் சூரமங்கலத்திலும் கேட்டிருக்கிறேன், கருப்பூர் சிட்கோவிலும் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். லேத்தும் சி.என்.சி. மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு அணு ஆயுதத்தோடு என்ன சம்பந்தம்?

நான் வழக்கமாக நம்ம ஊர் வெள்ளைக்கல்லில் இருந்து ஆரம்பிப்பேன். மேக்னசைட் தோண்டிய வெண்மேடுகளைப் பார்க்காத சேலத்துக்காரர் இல்லை. அந்தக் கல்லுக்கு எந்தப் பாதுகாப்புத் தடையும் கிடையாது. சுட்டு, எஃகு உலைக்குச் செங்கல் ஆக்கினாலும் கிடையாது. ஆனால் மெக்னீசியத்தை உலோகமாகப் பிரித்து, போரான் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் கீழே, கால்சியம் தவிர்த்த மற்ற உலோகக் கலப்பு 200 பங்குக்கும் கீழே வரும்படி சுத்தப்படுத்தினால், அது அணுசக்தி வழங்கும் நாடுகள் குழுவின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் போய்விடுகிறது. மூலப்பொருள் ஒன்றுதான், சுத்தம்தான் வேறு. இதைச் சொன்னதும் பெரும்பாலான ஓனர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அளவும் டாலரன்ஸும் அவர்களுக்குப் பழகிய பாஷை.

இந்தியாவில் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஸ்கோமெட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ரசாயனம், உயிரி, உலோகம், இயந்திரம், தொழில்நுட்பம் எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலானவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி. அனுமதி தருகிறது. படைக்கலப் பிரிவை பாதுகாப்பு உற்பத்தித் துறையும், அணுப் பிரிவை அணுசக்தித் துறையும் பார்க்கின்றன. நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இதில் அதிகம் இடிக்கிற இடம் வால்வுதான். 304, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்கிற சாதாரண வால்வு பிரச்சினை இல்லை. அதையே 60 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகக் கலவையில், பெல்லோஸ் சீலுடன் (கசிவைத் தடுக்கும் மடிப்புக் குழாய்), 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அளவில் செய்தால் கதையே வேறு, அது பட்டியலுக்குள் போய்விடும். டிராயிங்கில் ஒரு வரி மாறினால் சட்டம் மாறிவிடுகிறது. அதனால்தான் கொட்டேஷன் போகும் முன்பே டிராயிங்கை எனக்குக் காட்டுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். சரக்கு பேக் ஆன பிறகு கூப்பிட்டால் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

ஒரு பட்டறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவும் மகனும் நடத்துகிறார்கள். வங்கிக் கடனில் புது மெஷின் வாங்கியிருந்த நேரம். வளைகுடாவில் இருந்து ஒரு டிரேடிங் கம்பெனி வால்வு பாகங்களுக்கு என்கொயரி அனுப்பியிருந்தது. அப்பாவுக்கு, நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒரே சந்தோஷம். "விலையில பேரமே பேசலைங்க தம்பி, நல்ல பார்ட்டி" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் உறுத்தியது. நிக்கல் கலவை கேட்கிறார்கள், எந்த ஆலைக்கு என்று சொல்லவில்லை. சரக்கைப் பெறுகிறவர் என்று கொடுத்திருந்தது, பிறர் சரக்கை வாங்கி அனுப்பிவைக்கிற ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியின் விலாசம். அந்தக் கம்பெனிக்கு வால்வு எதற்கு?

மகன் ஏற்கெனவே டிராயிங்கைத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராக இருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கட்டுப்பாட்டில் உள்ள பொருளின் டிராயிங்கை மின்னஞ்சலிலோ போனிலோ அனுப்பினால் அதுவும் ஏற்றுமதிதான், கப்பலில் பெட்டி ஏற வேண்டும் என்பதில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் நிறுத்தினார்.

இறுதிப் பயனாளர் சான்று கேட்டு எழுதினோம். "ஸ்டாக்கில் வைத்து விற்போம்" என்று பதில் வந்தது. எங்கே, யாருக்கு என்று மறுபடி கேட்டோம். வேறொரு கம்பெனி பெயர் வந்தது. அதன் இணையதளத்தில் பார்த்தால் அது கட்டடப் பொருள் விற்கிற கம்பெனி. அப்புறம் விலையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். அண்ணன் அன்று மாலை வெகுநேரம் எதுவும் பேசவில்லை. மகன்தான் கோபமாகக் கேட்டார், "சார், ஈ.எம்.ஐ. நீங்க கட்டுவீங்களா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்ட முடியாதுதான். இந்த வேலையில் எனக்கு மிகவும் கனமான நேரங்கள் இப்படிப்பட்டவையே. குற்றம் எதுவும் நடக்கவில்லை, நடக்கும் என்று நிரூபிக்கவும் முடியாது. கண் முன்னால் இருப்பது ஒரு குடும்பத்தின் கடன்.

அவர்களிடம் அப்போது நான் சொன்னது 2003 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம். லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பி.பி.சி. சைனா என்ற கப்பலை இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தார்கள். யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரத்துக்கான பாகங்கள் கிடைத்தன. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் நடத்திய கள்ளச்சந்தை வலையின் சரக்கு அது. அந்தப் பாகங்களைச் செய்தது மலேசியாவில் ஒரு துல்லியப் பொறியியல் ஆலை. துபாய் வழியாக எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்குப் போகிறது என்றுதான் நினைத்தோம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அங்கே மெஷினில் நின்று அலுமினியம் கடைந்த தொழிலாளி நம் ஊர்த் தொழிலாளி மாதிரிதான் இருந்திருப்பார். டிராயிங் வந்தது, அளவு சரியாக வந்தது, சரக்கு போனது.

அடுத்த ஆண்டு ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில், பேரழிவு ஆயுதங்கள் பரவுவதைத் தடுப்பதற்கான 1540-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2005-இல் இந்தியா பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு பொருள் அப்படிப்பட்ட ஆயுதத்துக்கோ அதைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தால், அது எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் அனுப்பக் கூடாது. ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்கிற பழக்கம் வேண்டும்.

அந்த ஆர்டரை அண்ணன் எடுக்கவில்லை. பார்ட்டி அப்புறம் எழுதவும் இல்லை. நடந்த கடிதப் போக்குவரத்தை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொன்னேன். மறுத்த ஆர்டருக்கும் எழுத்தில் தடம் இருப்பது பட்டறைக்கு நல்லது.

எல்லா வேலையும் இப்படி நெஞ்சை அழுத்துவது இல்லை. அமெரிக்காவுக்கு ஜவ்வரிசி அனுப்பும் ஆலைகள் 2002-இன் உயிரிப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்படி அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்ய வேண்டும், இரட்டைப்படை ஆண்டுகளின் கடைசி மூன்று மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். மரவள்ளிக் கிழங்குக்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆத்தூர்ப் பக்கம் சிரிப்பார்கள். சாப்பாட்டுப் பொருளில் யாராவது எதையாவது கலந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிய வேண்டும் என்பேன், புரிந்துகொள்வார்கள்.

ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களிடம் ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக் கூடாது, எந்த நிலம் என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். அமல்படுத்தும் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சில்வர் ஓக் நிழலில் தலைமுறையாகக் காபி பறிக்கிறவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் தங்கள் நிலத்தின் இடக்குறி யார் யார் கைக்கோ போகிறதே என்ற அவர்களுடைய தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

துணி ஏற்றுமதி செய்கிற ஆலைகளில் அமெரிக்க வாடிக்கையாளர்கள், அந்நாட்டுச் சுங்கத்துறையின் சரக்குப் பாதுகாப்புத் திட்டமான சி.டி.பி.ஏ.டி.யின்படி தணிக்கை கேட்பார்கள். அங்கே நான் முதலில் போய் உட்காருவது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஐயாவிடம். காலி கன்டெய்னர் வந்ததும் முன்சுவர், இரு பக்கம், தரை, கூரை, கதவு, அடிப்பக்கம் என்று ஏழு இடம் பார்க்க வேண்டும். உள்ளளவு டேப்பில் குறைந்தால் போலிச் சுவர் இருக்கலாம். லோடு ஏறிய பிறகு போல்ட் சீலைப் பார்த்து, எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, இழுத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். ஓர் ஆலையில் சீல் எண்ணில் ஓர் இலக்கம் காகிதத்தோடு பொருந்தாததைக் கண்டு வண்டியை நிறுத்தியது அந்த ஐயாதான். டைப் பிழைதான், துறைமுகத்துக்குப் போயிருந்தால் லோடு நாள்கணக்கில் நின்றிருக்கும். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னார். இந்த விதிகளைக் காப்பாற்றுவது என் ஃபைல் இல்லை, இப்படிப்பட்ட கண்கள்தான்.

எனக்கு ஒரு குறை உண்டு. அரசிதழ் அறிவிப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. புதுப் பட்டறைகள் ஆர்வமாக வருகின்றன. ஆனால் டெஸ்பாட்ச் பார்க்கிறவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் ஒன்றும் கையில் இல்லை. அதனால் ஒரு பக்கத்தில் நானே எழுதி, போகிற பட்டறைகளில் ஒட்டச் சொல்கிறேன். வாங்குகிறவர் யார், அவருக்கு இந்தப் பொருள் எதற்கு, சரக்கு இறங்கும் விலாசம் யாருடையது, டிராயிங்கை யார் கேட்டார், யார் அனுப்பினார் என்று கேள்விகள். ஸ்கோமெட் பட்டியல் திருத்தப்படும் போதெல்லாம் நானும் தாளை மாற்றுகிறேன். சமீபத்தில் அதே மகன் போன் செய்து, புது என்கொயரி ஒன்றின் டிராயிங்கை அனுப்பலாமா என்று கேட்டார். கொட்டேஷன் இன்னும் போகவில்லை என்றார்.