விக்கெட்டை மறைத்த விளம்பரமும் ஒரு புகாரும்

கிரிக்கெட் நேரலையில் ஓவரின் கடைசிப் பந்து கீப்பரின் கையுறைக்குள் விழுமுன் சிமென்ட் விளம்பரம் வந்துவிடும். நடுவிலோ, படத்தைச் சுருக்கி அடியிலும் பக்கத்திலும் விளம்பரப் பட்டை ஓட்டுவார்கள். பல வருடம் திட்டிக்கொண்டே பார்த்த நான், ஒரு தொடரின்போது எழுத்துமூலம் புகார் செய்வது என்று இறங்கினேன். எந்தச் சேனல் என்பது இங்கே வேண்டாம். நடைமுறை எல்லாச் சேனலுக்கும் ஒன்றுதான்.

'விளம்பரத் தொல்லை தாங்கவில்லை' என்று எழுதினால் அது புலம்பல். யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. விதி வேண்டும். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 7(10) என்று ஒன்று இருக்கிறது. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், நிகழ்ச்சிக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று சொல்லி, திரையின் கீழ்ப்பகுதியில் வாசகம் ஓட்டுவதையே அந்த விதி உதாரணமாகக் காட்டுகிறது. இவ்வளவு வெளிப்படையான விதி இருந்தும் பட்டை ஓடிக்கொண்டிருக்கிறதே என்று முதலில் நம்ப முடியவில்லை. மணிக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்னும் 7(11)-ஐ நான் தொடவில்லை. அந்த விவகாரம் 2013-இலேயே தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதைக் காட்டினால் தப்பிக்க வழி கொடுத்ததாகிவிடும்.

2021 ஜூனில் வந்த திருத்த விதிகளின்படி புகாருக்கு மூன்று படிகள். முதற்படி சேனலின் குறைதீர்ப்பு அலுவலர். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். இருந்தது, பக்கத்தின் அடியில், எறும்பெழுத்தில். போட்டி, தேதி, எத்தனையாவது ஓவர், திரையில் என்ன மறைந்தது என்று எழுதி, தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து இணைத்தேன். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை வர வேண்டும், வந்தது. 15 நாளுக்குள் முடிவு வர வேண்டும், அதுவும் வந்தது. ஆனால் அதற்குள் தொடரே முடிந்து கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். நேரலைக்கு வைத்த புகாரின் முதல் சங்கடம் இது.

பதில் மரியாதையாக இருந்தது. சேனல் எல்லா விதிகளையும் பின்பற்றுகிறதாம், என் கருத்தைத் தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்களாம். 7(10) என்ற எண் கடிதத்தில் எங்குமே இல்லை. எழுதியவர் சேனலின் சம்பளக்காரர். அவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

அப்போதுதான் அமெரிக்காவின் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன் நினைவுக்கு வந்தது. அந்த நிறுவனம் 2005-இல் ஜார்ஜ் சாலமனில் தொடங்கி, தன்னையே விமர்சிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது. 2010-இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் எந்த அணிக்குப் போகிறார் என்பதை ஒரு தனி நிகழ்ச்சியாக்கியபோது, அப்போதைய குறைதீர்ப்பாளர் டான் ஓல்மேயர் அதைக் கடுமையாகவே எழுதினார். அவர் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பில் பழம் தின்று கொட்டை போட்ட தயாரிப்பாளர், அதனால் மழுப்ப முடியவில்லை. 2013-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தலைக்காயம் பற்றிய ஆவணப்படக் கூட்டுமுயற்சியிலிருந்து ஈஎஸ்பிஎன் விலகியபோதும், அப்போது பொறுப்பிலிருந்த ராபர்ட் லிப்சைட் அதைப் பற்றி எழுதினார். விலகியது விலகியதுதான். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமைக்காக அதே கால்பந்து லீகுக்கு ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட நிறுவனத்தை ஒரு பத்தி எழுத்தாளர் திருப்பிவிட முடியாது. 2018-இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த ஏற்பாட்டின் மேல் எனக்குப் பொறாமைதான். உத்தரவு போடும் அதிகாரம் அந்தக் குறைதீர்ப்பாளர்களுக்கு இல்லை. நிர்வாகிகளைக் கேள்வி கேட்டு, பதிலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட முடிந்தது. எனக்கு வந்த பதிலோ என் மின்னஞ்சல் பெட்டியோடு சரி. இதே பட்டையைப் பற்றி இன்னும் ஆயிரம் பேர் எழுதியிருக்கலாம், ஒருவருக்கொருவர் தெரியாது. பெரிய நிறுவனம் அபராதத்துக்கு அஞ்சுவதைவிட, வழவழப்பான பதில் ஊரறிய அச்சேறுவதற்கு அதிகம் அஞ்சும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி, ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்பு. 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், 60 நாளுக்குள் அவர்கள் முடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதியோ சமூகத்தில் மதிப்புள்ள ஒருவரோ தலைவராக இருப்பார் என்பதால் நம்பிக்கையோடு எழுதினேன். இது விளம்பரம் சார்ந்த புகார், விளம்பரங்களுக்கென உள்ள அமைப்பிடம் போங்கள் என்றார்கள். அந்த அமைப்போ விளம்பரம் சொல்வது உண்மையா, கண்ணியமா என்று பார்ப்பது. சிமென்ட் உறுதியானது என்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அது பந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வழக்கு.

மூன்றாம் படி மத்திய அரசு. அங்கே மேல்முறையீடு செய்யவும் 15 நாள் அவகாசம் உண்டு. மனுவை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, 7(10)-ஐ அப்படியே எடுத்தெழுதி, இந்த விதி நேரலை விளையாட்டுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறேன். முடிவு எதுவானாலும் அதைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். மனு பதிவானதற்கு எண் வந்திருக்கிறது.