கண்ணாடித் தண்ணீரும் கணக்கில் வராத துத்தநாகமும்

வேல்ஸில் ஓடும் இஸ்ட்வித் ஆற்றைப் பார்த்துவிட்டு, “இதிலா மாசு?” என்று கேட்காத விருந்தாளி இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பழைய சுரங்கங்களிலிருந்து கரைந்து வரும் துத்தநாகத்துக்கு நிறம் கிடையாதே! சுண்ணாம்பு குறைந்த மென்னீர் என்பதால் மீன்களின் செவுளை அது இன்னும் கடுமையாகத் தாக்கும். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கூமிஸ்ட்வித்தில் வெண்கலக் காலத்திலேயே செம்பு தோண்டியிருக்கிறார்கள். பிறகு ஈயம், துத்தநாகம். சுரங்கங்கள் மூடித் தலைமுறைகள் கடந்துவிட்டன. காற்றும் மழையும் பட்ட சல்பைடு தாது (உலோகமும் கந்தகமும் சேர்ந்தது) மட்டும் கரைந்துகொண்டே இருக்கிறது. இப்படிக் கைவிட்ட உலோகச் சுரங்கங்கள் வேல்ஸ் முழுக்க ஏறக்குறைய 1,300.

இந்த ஆற்றில் உலோகம் எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்று கணக்கிடும் மாடல் போடுவது என் வேலை. அடிப்படைக் கணக்கு எளியது. ஒரு லிட்டரில் எவ்வளவு உலோகம் என்ற செறிவை, நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்ற நீரோட்டத்தால் பெருக்கினால், நொடிக்கு எத்தனை மில்லிகிராம் உலோகம் போகிறது என்று வந்துவிடும். சுரங்க வாய்களில் வழிவதையும் ஓடைகள் கொண்டுவருவதையும் கூட்டினால், கீழே அளந்ததோடு ஒத்துப்போக வேண்டும். போகாது. பெரும்பாலும் கீழேதான் கூடுதலாக இருக்கும். அந்த மிச்சம் சுரங்கக் கழிவு மேடுகளுக்கு அடியில் ஊறி, ஆற்றுப் படுகை வழியாகக் கண்ணில் படாமல் வந்து சேர்வது. மாடலில் ஒரு குணகத்தை, அதாவது ஒரு பெருக்கு எண்ணை, கொஞ்சம் திருகினால் அந்த இடைவெளியை அடைத்துவிடலாம், கோடும் அழகாகப் பொருந்தும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கே ஊறுகிறது என்று தெரியாமல் எந்த மேட்டை மூடச் சொல்வது?

அதற்கு ஓடையில் இறங்கத்தான் வேண்டும். மேலே பம்ப் வைத்து உப்புக் கரைசலைச் சீராக விடுவோம். மின்கடத்துதிறன் ஏறி நிலைக்கும்வரை காத்திருந்தால், உப்பு எவ்வளவு நீர்த்தது என்பதை வைத்து அந்தந்த இடத்தின் நீரோட்டத்தைக் கணக்கிடலாம். கூடவே சாம்பிள். கரையிலேயே சிரிஞ்சில் உறிஞ்சி, 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே அழுத்தித் தள்ளி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். ஜனவரியில் விரல் மரத்துப்போய் மூடியைத் திருகவே வராது. வடிகட்டியதில் கரைந்த உலோகம் மட்டும் இருக்கும்; துகளோடு சேர்த்துப் பார்க்க வடிகட்டாத பாட்டில் தனி. துத்தநாகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈயம் அப்படியில்லை, பெரும்பகுதி சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டே போகும்.

அதனால் ஈயத்துக்கு மாதம் ஒரு சாம்பிள் என்கிற வழக்கம் உதவாது. அது நகர்வது வெள்ளத்தில், முக்கியமாகத் தண்ணீர் ஏறும் சில மணி நேரத்தில். அப்போது கரையில் யார் நிற்பார்கள்? 2012 ஜூன் வெள்ளம் இந்த வட்டாரத்து வயல்களில் ஈயம் கலந்த வண்டலைப் படியவிட்டது. அங்கே அறுத்துப் பதப்படுத்திய புல் தீவனமான சைலேஜைத் தின்ற மாடுகள் ஈய நஞ்சால் செத்தன. மாதச் சராசரியில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

கூட்டங்களில் இன்னும் நுட்பமான மாடல் கேட்கிறார்கள். சமன்பாடுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், தடையில்லை. அந்தப் பணம் என் கையில் வந்தால், நீர்மட்டம் ஏறியதும் தானாகவே சாம்பிள் பிடிக்கும் கருவிகளை வாங்கி, கழிவு மேட்டை ஆறு அரித்துக்கொண்டிருக்கும் வளைவுகளில் முதலில் வைப்பேன்.