வேனின் தலையில் கம்பி ஏற்றிய படலம்

வேலைக்கு ஓடும் வேனின் மேல் ஏணியும் குழாய்களும் ஏற்றுவதற்கு ரூஃப் பார் எனப்படும் கூரைக் கம்பிகள் வாங்குவது அரைநாள் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கம்பிகள் இப்போது உறுதியாக நிற்கின்றன. ஆனால் அவற்றை விற்றவர்கள் மீதான எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வில்லங்கம் ‘எல்லா வேனுக்கும் பொருந்தும்’ என்ற சொல்லில் தொடங்கியது. ஒரே பெயரில் விற்கும் வேனிலேயே தாழ்ந்த கூரை, உயர்ந்த கூரை, குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), நீண்ட வீல்பேஸ் என்று பல வகைகள் உண்டு. தயாரிப்பு ஆண்டு மாறினால் கம்பியைக் கூரையோடு பிணைக்கும் கால்களைப் பொருத்தும் இடமும் மாறக்கூடும். பின்கதவு மேல்நோக்கித் திறப்பதாக இருந்தால், அது கடைசிக் கம்பியில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். இவ்விவரங்களை எல்லாம் ஆர்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தும், வந்து சேர்ந்தவை கூரையோர மழைநீர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் கால்கள். என் வேனில் அப்படியொரு விளிம்பே கிடையாது. சிறிய பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் வேன் நிறுவனமே அமைத்த மரைத்துளைகள்தாம் இருக்கின்றன. கடையில் இருந்தவர் வெளியே வந்து கூரையைப் பார்க்கக்கூட மனமில்லாமல், “கொஞ்சம் வளைச்சுப் போட்டா உட்கார்ந்துடும் சார்” என்றார். வளைத்த காலை நம்பி ஏணியோடு நெடுஞ்சாலையில் போகப்போவது அவர் இல்லை அல்லவா?

மாற்றித் தரச் சொன்னபோது, பெட்டியைப் பிரித்துவிட்டதால் முடியாது என்றார்கள். பெட்டியைப் பிரிக்காமல் கால் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. வீண் அலைச்சலுக்குப் பிறகு காரியத்தை முடித்துக் கொடுத்தவை தாள்களே: ஆர்டர் சீட்டின் நகல், மரைத்துளைகளின் இடத்தைக் காட்டும் வேன் கையேட்டுப் பக்கம், கம்பித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியல். அந்தக் கால்கள் பொருந்தும் வேன்களின் வரிசையில் என் வேன் இல்லை என்பதைக் காட்டியதும் மேலாளர் மறுபேச்சில்லாமல் சரியானவற்றை வரவழைத்துக் கொடுத்தார். ஆகவே வேனின் விவரங்களை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பொருந்துமா என்று பார்த்து முடிக்கும்வரை ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கிலும் இதே அலட்சியத்தைக் கண்டேன். ஒரு கம்பி 50 கிலோ தாங்கும், எனவே மூன்று கம்பிகள் 150 கிலோ தாங்கும் என்று விற்பனையாளர் பெருக்கிக் காட்டினார். கம்பி தாங்கும், கூரை தாங்க வேண்டாமா? வேனின் கையேட்டில் கூரைக்கு என்று ஓர் உச்ச வரம்பு இருக்கும். கம்பித் தொகுதிக்கும் ஒரு வரம்பு இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுவே வேன் ஓடும்போது பொருந்தும். பொதுவாகக் கம்பிகளின் சொந்த எடையும் கூரை வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். கூரை வரம்பு 100 கிலோ, மூன்று கம்பிகளும் கால்களும் சேர்ந்து 18 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 82 கிலோ மட்டுமே. மூன்றாவது கம்பி நீண்ட குழாய்கள் தொய்யாமல் இருக்கவும் பாரம் பரவலாக இறங்கவும் உதவும். கூரையின் வரம்பை அது ஒரு கிலோகூட உயர்த்தாது. கூரைச் சுமை தாங்கிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11154 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்டபோது அந்தக் கடையில் அப்படியொன்றைக் கேள்விப்பட்டவரே இல்லை.

விலையில் எஃகுதான் மலிவு. ஆனால் அது கனமானது, துளையிட்ட இடத்திலும் வெட்டிய முனையிலும் பூச்சு விட்டுப்போய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எஃகுக் கம்பிக்குச் சொல்லப்பட்ட மலிவு விலையில் கால்கள் இல்லை, பூட்டு இல்லை, சரக்கு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் முட்டுகளும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, இவற்றைச் சேர்த்தே விற்கப்பட்ட அலுமினியத் தொகுதிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அலுமினியத்தையே எடுத்தேன், குறைந்த கம்பி எடைக்கு ஈடாக இன்னும் சில குழாய்களை ஏற்ற முடிகிறது.

பூட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏணியைக் கம்பியோடு பூட்டிவிட்டு, கம்பியின் கால்களைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றும்படி விடுவது, கீலைக் கழற்றக்கூடிய கதவுக்குப் பூட்டுப் போடுவதைப் போன்றது. கால்களின் போல்ட்டுகளை மறைக்கும் பூட்டுமூடி அவசியம். சாவியின் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவது எளிதாகவே முடிந்தது. மூடிகளை எடுத்ததும் துளைகளில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காதபடி வாஷருக்கு அடியில் சீலண்ட் தடவினேன். போல்ட்டைக் கைப்பலத்தால் முறுக்காமல், பொருத்தும் குறிப்பில் கொடுத்த அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். மிஞ்சினால் மரை அழிந்துவிடும், அல்லது உள்ளே இருக்கும் நட்டு சுழலத் தொடங்கிவிடும், அதைச் சரிசெய்யக் கூரையின் உள்பக்க உறையையே பிரிக்க வேண்டிவரலாம். சிறிது தூரம் ஓட்டிய பிறகு மீண்டும் சோதித்தபோது ஒரு போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது.

முதல் ஓட்டத்தில் எழுந்த விசில் சத்தத்துக்குக் காரணம், ஒரு கம்பிக்கு முனைமூடியும் மேல்பள்ளத்தை அடைக்கும் ரப்பர் பட்டையும் பெட்டியில் வராததுதான். அவற்றையும் எழுதிக் கேட்டுத்தான் வாங்கினேன். இம்முறை உடனே அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தாயிற்று. ஏணியோடு சேர்த்து அளந்த புதிய உயரத்தை ஸ்டீயரிங்குக்கு அருகே ஒட்டியிருக்கிறேன், ஏனெனில் தாழ்ந்த கூரையுள்ள வாகன நிறுத்தங்களில் பழைய உயரம் இனி செல்லாது.