சீசன்ல டீம் அவுட்டிங்: கோத்தகிரிக்கு வண்டி, இ-பாஸ், அப்பறம் சம்பளம் புடிக்காம ஒரு நாள் லீவு

இந்த வாட்டி டீம் அவுட்டிங் ஏற்பாடு பண்ற பொறுப்ப மேனேஜர் எங்கிட்ட குடுத்தாருங்க. மே மாசம், கோயமுத்தூர் சரவணம்பட்டில மதியம் ஆபீஸ விட்டு டீ குடிக்க வெளிய வந்தாலே மண்ட காயுது, அதனால எங்க போலாம்னு கேக்கவே தேவையில்ல, எல்லாரும் மலைதான்னுட்டாங்க. ஊட்டிக்கு பதிலா குன்னூர் கோத்தகிரின்னு நான் சொன்னேன். ஒரே நாள்ல போய்ட்டு வந்துரலாம், கூட்டமும் அந்தளவுக்கு இருக்காது. சீசன்ல ஒரு கும்பலையே கூட்டிட்டு மலை ஏறணும்னா என்னென்ன பாக்கோணும்னு முழுசா சொல்றவங்க எனக்கு யாரும் கெடைக்கல, அதான் இத எழுதறேன்.

மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில்ல போலாம்னு பாதி பேருக்கு ஆசை. ரயில் டிக்கெட் இப்ப 60 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகுது (2024 நவம்பர்ல மாத்துனாங்க, முன்ன 120 நாள்), எங்களுக்கு தேதி கன்ஃபார்ம் ஆனதே அதுக்கு ரொம்ப பொறவு, அதுவும் இத்தன பேருக்கு ஒண்ணா டிக்கெட், சீசன்ல, சான்ஸே இல்ல. சரி வேன்தான்னு முடிவாச்சு.

தேதி புடிக்கறது லேசான வேலை இல்லீங்க. டீம்ல பொண்ணுங்க வீட்டுல எல்லாம் ராத்திரி தங்கறதுன்னா விடமாட்டாங்க, எங்க வீட்டுலயே அம்மா மொதல்ல கேட்டது "எத்தன மணிக்கு ஊடு வந்து சேருவ அம்மணி"ன்னுதான். அதனால காலைல இருட்டோட கெளம்பி ராத்திரி எட்டுக்குள்ள திரும்பறதுன்னு வச்சுட்டோம். அப்பறம் வார நாள்லதான் போகணும்னு நான் புடிவாதமா நின்னேன். சனி ஞாயிறு போனா நம்ம லீவும் போச்சு, மேட்டுப்பாளையத்துலயே வண்டி நகராது. மேனேஜர் வெள்ளிக்கெழமைக்கு ஓகே சொன்னாரு.

வெள்ளிக்கெழமைன்னு ஆனதும்தான் எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா ஞாபகம் வந்துச்சு. கீரணத்தத்துல இருந்து வர்றாங்க, எங்க ஃப்ளோர் முழுக்க அவங்கதான், காலைல யாராச்சும் சாப்டாம வந்தா மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்க. நீங்களும் வாங்கக்கான்னு கூப்ட்டேன். மொகம் மலர்ந்துச்சு, ஆனா அடுத்த செகண்டே கேட்டாங்க, "அன்னிக்கு சம்பளம் புடிச்சுருவாங்களா கண்ணு?" எனக்கு பொக்குன்னு போச்சு. நமக்கு அது சம்பளத்தோட ஒரு நாள் ஜாலி, அவங்க காண்ட்ராக்ட்டு, வராத நாளுக்கு காசு இல்ல. கூப்படறது மட்டும் கூப்ட்டுட்டு ஒரு நாள் கூலிய அவங்க தலைல கட்டறது அழைப்பே இல்லன்னு எனக்கு தோணுச்சு, இன்னமும் அப்படித்தான் நெனைக்கறேன்.

ஹெச்ஆர்ல கேட்டா அவங்க நம்ம கம்பெனி சம்பளப் பட்டியல்ல இல்ல, பட்ஜெட்ல வராதுன்னாங்க. மேனேஜர்கிட்ட போய் நேரா சொன்னேன், சார் சாப்பாடு வண்டி செலவ நாங்க டீம்ல ஆளுக்கு கொஞ்சம் போட்டு பாத்துக்கறோம், நீங்க காண்ட்ராக்ட்காரர்கிட்ட அந்த ஒரு நாள ஆஜர்ல வைக்கச் சொல்லுங்க, அது போதும்னு. அவரு பேசினாரு. மாத்து ஆள் ஒருத்தர அன்னிக்கு அனுப்பறோம், அக்காவுக்கு சம்பளம் புடிக்க மாட்டோம்னு மெயில்லயே வாங்கிட்டோம், வாய்ப்பேச்சா விடல. டீ குடுக்கற அண்ணாவுக்கும் அதே மெயில்தான். உங்க ஆபீஸ்லயும் இப்படி யாராச்சும் இருந்தா இத முன்னாடியே கேட்டு வைங்க, கடைசி வாரத்துல கேட்டா மாத்து ஆள் கெடைக்காதுங்க.

வண்டிக்கு வருவோம். வாடக மட்டும் கேட்டுட்டு அட்வான்ஸ் போட்றாதீங்க. மஞ்ச போர்டு (வாடகைக்கு ஓட்டற) வண்டியா, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் நடப்புல இருக்கா, டிரைவர் மலை ஓட்டி பழக்கமா, இந்த மூணையும் கேளுங்க, பேப்பர ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு பேரு ஃபோட்டோ அனுப்ப மழுப்புனாங்க, அவங்கள விட்டுட்டு அனுப்பினவருகிட்ட புக் பண்ணேன், கொஞ்சம் காசு சேத்திதான், பரவால்ல.

இப்ப இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலை ஏற ஆன்லைன்ல வாங்கற அனுமதி. ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு கணக்கும் வச்சாங்க. பாஸுக்கு காசு கெடையாது. ஆன்லைன்ல ஃபோன் நம்பர் போட்டா ஓடிபி வரும், அப்பறம் பேரு, விலாசம், எத்தன பேரு, எந்த தேதி போறோம், எந்த தேதி எறங்கறோம், எங்க தங்கறோம், வண்டி நம்பர், அவ்ளோதான், கியூஆர் கோடோட பாஸ் வந்துரும். அந்த ஊரு டி.என். 43 நம்பர் வண்டிக்கும் கவர்மெண்ட் பஸ்ஸுக்கும் பாஸ் தேவையில்ல.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, பாஸ் ஆளுக்கு இல்ல, வண்டி நம்பருக்கு. நான் அட்வான்ஸ் போடறப்பவே நம்பர வாங்கி பாஸ் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியாச்சு. மொத நாள் ராத்திரி சாப்ட்டுட்டு இருக்கறப்ப டிராவல்ஸ்காரர் ஃபோன், "மேடம் அந்த வண்டி கிளட்ச் போயிருச்சுங்க, வேற வண்டி அனுப்பறனுங்க, அதே மாடல்தானுங்க, ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க." அவருக்கு வித்தியாசம் இல்ல, பாஸ் பாக்கற கல்லாறு செக்போஸ்ட்ல இருக்கு. அப்பவே புது வண்டியோட ஆர்சி, எஃப்சி எல்லாம் மறுபடி அனுப்பச் சொல்லி, புது நம்பருக்கு பாஸ் எடுத்தேன். வெள்ளிக்கெழமைங்கறதால எடம் இருந்துச்சு. இல்லன்னா மேட்டுப்பாளையம் போய் கவர்மெண்ட் பஸ் ஏறிக்கலாம்னு மாத்து பிளானும் குரூப்ல போட்டு வச்சுட்டுதான் படுத்தேன்.

இன்னொண்ணு, சீசன்ல ரோடு ஒன்வே ஆக்கிருவாங்க. மேல போற டூரிஸ்ட் வண்டி பர்லியார் குன்னூர் வழி, எறங்கறது கோத்தகிரி வழி. நேரா கோத்தகிரி போலாம்னு பிளான் போட்டீங்கன்னா அது நடக்காது. அதனால நாங்க மொதல்லயே குன்னூர்ல சிம்ஸ் பார்க், அங்கிருந்து கோத்தகிரி, அப்படியே எறக்கம்னு வட்டமா போட்டுக்கிட்டோம். 

பிளாஸ்டிக் விஷயத்துல நீலகிரி ரொம்ப கறாருங்க, ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக் தட்டு, கப்பு எதுவும் கூடாது. எல்லாரையும் வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டாரச் சொல்லிட்டேன். காலை டிஃபன் மேட்டுப்பாளையத்துலயே, இட்லி மட்டும் போதும்னு கண்டிஷன், ஏன்னா எங்க டீம்ல ஒருத்தனுக்கு கொண்டை ஊசி வளைவு ரெண்டு திரும்புனாலே வாந்தி. அவனுக்கு மொத வரிசை ஜன்னல், கைல எலுமிச்சம்பழம், கெளம்பறதுக்கு முன்னாடியே மாத்திரை. தூங்கிட்டே குன்னூர் வந்துட்டான்.

கோத்தகிரி பக்கத்துல கண்ணேரிமுக்குல ஜான் சல்லிவன் கட்டுன வீடு இருக்குது, இப்ப மியூசியம். நம்ம கோயமுத்தூர் கலெக்டரா இருந்தவரு, 1819ல சிறுமுகைல இருந்து காட்டு வழியா ஏறி திம்பட்டிக்கு வந்தவரு. அத நான் படிச்சு சொன்னதும் அக்கா "எங்க சிறுமுகையா?"ன்னு சத்தமா கேட்டுட்டாங்க. அவங்க பொறந்த ஊரு அதானாம், தறிக்காரங்க குடும்பம், சின்ன வயசுல வாசல்ல நின்னா இந்த மலைதான் தெரியுமாம், ஆனா ஒருக்கா கூட ஏறுனதில்லையாம். டீம்ல எல்லாரும் சுத்தி நின்னுட்டோம், அவங்க தறி, பாவு, சாயம்னு பழமை பேச ஆரம்பிச்சுட்டாங்க, அரை மணி நேரம் போச்சு. பிளான்ல அப்பறம் போட்டிருந்த ஒரு ஸ்டாப்ப வெட்டிட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல.

கோடநாடு காட்சி முனைல எனக்கு சந்தோசம். கீழ பள்ளத்துல மாயாறு, அந்தப் பக்கம் தெங்குமரஹடா ஊரு சின்னதா தெரியுது. அந்த மாயாத்து தண்ணிதான் பவானிசாகர்ல பவானியோட சேந்து, கொடிவேரி தாண்டி தடப்பள்ளி வாய்க்கால்ல எங்க ஊரு கோபிசெட்டிபாளையத்து நெல்லுக்கு வருது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டினேன், "மேல மழ கிழ இருக்குதா சாமி"ன்னு அத மட்டும்தான் கேட்டாரு.

எறக்கத்துல டிரைவர் அண்ணா ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு வந்தாரு, பின்னாடி ஒரு கார்காரன் ஹார்ன் அடிச்சுட்டே இருந்தான், இவரு வழி விட்டுட்டாரே தவிர வேகம் கூட்டல. மலை தெரிஞ்ச டிரைவருக்கு குடுத்த அந்த கூடுதல் காசு இதுக்குத்தாங்க.

திரும்பி வந்தப்பறம் வேலை பில்லு. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஜிஎஸ்டி நம்பரோட கம்பெனி பேர்ல பில்லு வாங்கிருங்க, வெறும் சீட்டுக்கு அக்கவுண்ட்ஸ்ல பணம் வராது. அக்காவோட அந்த மாச சம்பளம் வந்ததும் நாள் கணக்க அவங்களோட உக்காந்து பாத்தேன், வெள்ளிக்கெழமை ஆஜர்னு இருந்துச்சு. அடுத்தது வால்பாறைன்னு இப்பவே கேக்கறாங்க, அங்கயும் 2025 நவம்பர்ல இருந்து இ-பாஸ் வந்துருச்சு, அதனால மொதல்ல வண்டி நம்பருங்க, அப்பறம்தான் மத்ததெல்லாம்.